எங்கே வைத்து அளந்தார்கள்? – அன்னா மணியை நினைத்து

"மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் சூறாவளிக் காற்று வீசக்கூடும். மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்."

ஐப்பசி பிறந்துவிட்டால் பழவேற்காட்டுக் குப்பங்களில் இந்த வாசகம் குழந்தைகளுக்குக்கூட மனப்பாடம். டிவியில் வரும், செல்போனில் வரும், மீன்வளத்துறை அறிவிப்பாக வரும், கோயில் ஒலிபெருக்கியிலும் வரும். அதைக் கேட்டதும் வலையைச் சுருட்டி வைக்க வேண்டும். அன்றைய வருமானம் இல்லை. நான்கு நாள் தொடர்ந்து கேட்டால் அடகுக்கடைக்குப் போக வேண்டும். ஒரு குடும்பம் சாப்பிடுவதும் கடன் வாங்குவதும் அந்த 45, 55, 65 என்ற மூன்று எண்களில் இருக்கிறது.

அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன? காற்றை அளக்கும் கருவியை யார் செய்தார்கள், அது சரியாகக் காட்டுகிறது என்று யார் பார்த்துச் சொன்னார்கள்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் நீங்கள் ஒரு பெண்மணியிடம் வந்து நிற்பீர்கள். அவர் பெயர் அன்னா மணி. சுதந்திர இந்தியா தன் வானிலையைத் தானே செய்த கருவிகளால் அளக்கத் தொடங்கியதில் அவர் பங்கு மிகப் பெரியது. அவரைப் பற்றி எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் எழுத வேண்டும் என்று பல வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளியில் அறிவியல் சொல்லித்தருகிறவள், குப்பத்தில் பிறந்தவள் என்ற இரண்டு தகுதியில் நானே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம். சென்னைக்கு வடக்கே, ஆந்திர எல்லையை ஒட்டி, பழவேற்காடு ஏரி கிடக்கிறது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில், தெற்கு ஓரம் தமிழ்நாட்டில். ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. ஆரணியாறும் காளங்கியும் சொர்ணமுகியும் நல்ல தண்ணீரைக் கொண்டுவரும். முகத்துவாரம் வழியாகக் கடல் உள்ளே வரும். ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் நீண்ட மணல் தீவு. அதன் வடபகுதிதான் ஸ்ரீஹரிகோட்டா. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம், வைரவன்குப்பம், அரங்கம்குப்பம் என்று கரை நெடுக எங்கள் ஊர்கள். சிலர் ஏரியில் பாடு முறைப்படி முறைவைத்து வலை விடுவார்கள், சிலர் ஃபைபர் படகில் முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குப் போவார்கள். இடுப்பளவு தண்ணீரில் நடந்து கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் பெண்களும் இங்கே உண்டு. பனையோலைப் பறியைப் பல்லில் கடித்தோ இடுப்பில் கட்டியோ வைத்துக்கொண்டு, வெயிலோ மழையோ, மணிக்கணக்கில் தண்ணீரிலேயே இருப்பார்கள்.

முகத்துவாரத்தைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அது மணல் சேர்ந்து மேடாகும், வெள்ளம் வந்தால் உடையும், இடம் மாறும். ஆழம் குறைந்த இடத்தில் அலை எழும்பி உடையும். காற்று கொஞ்சம் ஏறினாலும் படகு புரள்வது அங்கேதான். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் தள்ளும் விசை நான்கு மடங்காகும். 40 கிலோமீட்டர் வேகம் 56 ஆனாலே விசை ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். எண்ணில் சின்ன வித்தியாசமாகத் தெரிவது முகத்துவாரத்தில் உயிர் போகிற வித்தியாசம்.

என் பெரியப்பாவிடம் ஒருநாள் செல்போனில் வந்த எச்சரிக்கையைப் படித்துக் காட்டினேன். கட்டுமரக் காலத்து ஆள். 1984 நவம்பரில் புயல் ஸ்ரீஹரிகோட்டா பக்கம் கரை கடந்தபோது கரையில் இருந்தவர். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஏம்மா, அம்பத்தஞ்சுன்னு சொல்றானே, எங்க வெச்சு அளந்தான்?" என்றார்.

"அது தெரியல பெரியப்பா. மீனம்பாக்கம், நுங்கம்பாக்கத்துல எல்லாம் கருவி இருக்கு. சாட்டிலைட்லயும் பார்ப்பாங்க, கம்ப்யூட்டர்லயும் கணக்குப் போடுவாங்க."

"மீனம்பாக்கத்துல அடிக்கிற காத்தும் நம்ம வாய்ல அடிக்கிற காத்தும் ஒண்ணா?"

வாய் என்று அவர் சொன்னது முகத்துவாரத்தை. வாடை, கொண்டல், கச்சான் என்று ஒவ்வொரு காற்றையும் கன்னத்தில் படும்போதே சொல்லக்கூடியவர் அவர். எந்தக் காற்றுக்கு எந்த நீரோட்டம், எந்த மீன் என்று கணக்கு வைத்திருப்பவர். அவர் எண்ணை வேண்டாம் என்று தள்ளவில்லை. அது எங்கே, எப்படி எடுக்கப்பட்டது என்று கேட்கிறார். அன்னா மணி தன் வாழ்நாள் முழுக்கக் கேட்டதும் இதே கேள்விதான். தவறான அளவீடு எடுப்பதைவிட அளக்காமலே இருப்பது மேல் என்பது அவருடைய பிடிவாதம். இதை உடன் வேலை செய்தவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வாராம். பள்ளிக்கூடம் அதிகம் போகாத என் பெரியப்பாவும் உலக வானிலை அமைப்புக்கு ஆலோசகராக இருந்த அந்த அம்மாவும் சந்தித்திருந்தால், அரை மணி நேரத்தில் ஒருவரையொருவர் புரிந்துகொண்டிருப்பார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அன்னா மணி கடற்கரைக்காரர் கிடையாது. 1918 ஆகஸ்ட் 23-ஆம் தேதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் பீர்மேட்டில், மலைப்பகுதியில் பிறந்தார். அப்பா சிவில் இன்ஜினியர், ஏலக்காய்த் தோட்டம் வைத்திருந்தவர். எட்டுப் பிள்ளைகளில் இவர் ஏழாவது. வசதியான சிரியன் கிறிஸ்தவக் குடும்பம். ஆண் பிள்ளைகளுக்குப் பெரிய உத்தியோகம், பெண் பிள்ளைகளுக்கு நல்ல இடத்தில் கல்யாணம் என்பதுதான் அந்த வீட்டின் வழக்கம். பெண்கள் எட்டாவது பிறந்தநாளில் வைரத்தோடு வாங்கிக்கொள்வார்கள். இந்தப் பெண் தோடு வேண்டாம் என்று சொல்லி என்சைக்ளோபீடியா பிரிட்டானிக்கா தொகுதிகளைக் கேட்டு வாங்கினார். எட்டு வயதுக்குள் ஊர் நூலகத்தின் மலையாளப் புத்தகங்களை ஏறக்குறைய எல்லாம் படித்து முடித்தவர், பன்னிரண்டு வயதுக்குள் ஆங்கிலப் புத்தகங்களையும் முடித்திருந்தார். வைக்கம் போராட்டக் காலத்தில் காந்தி அந்தப் பக்கம் வந்தது அவர் மனதில் ஆழமாகப் பதிந்தது. பிறகு கதர்தான் உடுத்தினார். நம் தேவையை நாமே செய்துகொள்ள வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்துதான் தொடங்கியிருக்க வேண்டும். பின்னாளில் புனேயில் அவர் செய்த வேலையைப் பார்க்கும்போது எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

சென்னையில் இயற்பியல் ஆனர்ஸ் படித்துவிட்டு, 1940-ல் உதவித்தொகை பெற்று பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்குப் போனார். சர் சி. வி. ராமனின் ஆய்வகம். ராமன் பெண்களைச் சேர்த்துக்கொள்வதில் எளிதான ஆள் இல்லை. 1933-ல் கமலா சோஹோனி என்ற மாணவியை முதலில் மறுத்து, பிறகு நிபந்தனை போட்டுச் சேர்த்தவர். சேர்த்த பிறகும் ஆண்களும் பெண்களும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்பதில் அங்கே கண்டிப்பு. மற்ற மாணவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிப் பேசியே பாதி இயற்பியலைக் கற்றுக்கொண்டபோது, இந்தப் பெண்களுக்கு அந்தப் பேச்சு கிடைக்கவில்லை. ஆய்வில் ஈடுபட்டிருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்று புரியும்.

அங்கே அன்னா மணி எடுத்துக்கொண்டது வைரமும் மாணிக்கமும். ராமனிடம் சுமார் 300 வைரங்கள் இருந்தன. அவற்றில் முப்பதுக்கும் மேற்பட்ட வைரங்களை எடுத்து, ஒளி பாய்ச்சினால் அவை எப்படி ஒளிர்கின்றன, எந்த நிறத்தை உறிஞ்சுகின்றன என்று படமெடுத்தார். அந்த ஒளி மிகவும் மங்கல். புகைப்படத் தகட்டில் பதிய 15 முதல் 20 மணி நேரம் ஆகும். இடையில் எதுவும் அசையக் கூடாது, வெப்பநிலை மாறக் கூடாது. பல இரவுகள் ஆய்வகத்திலேயே தூங்கினார். 1942 முதல் 1945 வரை ஐந்து ஆய்வுக் கட்டுரைகள், ஐந்திலும் ஆசிரியராக அவர் பெயர் மட்டுமே.

1945 ஆகஸ்டில் முனைவர் பட்டத்துக்கான ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்தார். அப்போது இந்திய அறிவியல் கழகம் தானே பட்டம் தருவதில்லை. முதுகலைப் பட்டம் இல்லை என்று சொல்லிப் பல்கலைக்கழகம் மறுத்துவிட்டது. ஆனர்ஸ் பட்டம் போதாதாம். ஐந்து தனிக் கட்டுரைகளும் போதாதாம். அதே ஆய்வகத்தில் இருந்த சுனந்தா பாய்க்கும் முனைவர் பட்டம் கிடைக்கவில்லை. அன்னா மணியின் அந்த ஆய்வேடு இன்றும் பெங்களூர் ராமன் ஆராய்ச்சிக் கழக நூலகத்தில், பட்டம் பெற்ற மற்ற ஏடுகளோடு ஏடாக, பைண்டு செய்யப்பட்டு இருக்கிறது. இது நடந்த பல்கலைக்கழகத்தின் பட்டத்தை வைத்திருப்பவள் நான். இதை ஒவ்வொரு முறை படிக்கும்போதும் எனக்குக் கோபம் வருகிறது. அன்னா மணி கோபப்படவில்லை. பட்டம் இல்லாததால் தன் வேலை எதுவும் நின்றுவிடவில்லை என்றுதான் பின்னாளில் பேசினார். அவர் பெருந்தன்மை அவரோடு. கோபப்படுவதற்கு நமக்கு உரிமை இருக்கிறது.

அதே ஆண்டு அரசு உதவித்தொகையில் லண்டன் இம்பீரியல் கல்லூரிக்குப் போனார். இயற்பியல் படிக்கத்தான் போனார். அங்கே கிடைத்தது வானிலைக் கருவிகள் பற்றிய பயிற்சி மட்டும். எத்தனையோ பேர் இதில் மனம் தளர்ந்திருப்பார்கள். இவரோ கருவிகளைப் பிரித்துப் போட்டுப் படித்தார். 1948-ல் திரும்பி வந்து, புனேயில் இந்திய வானிலை ஆய்வுத் துறையில் எஸ். பி. வெங்கிடேஸ்வரனின் கீழ் வேலையில் சேர்ந்தார்.

அப்போது நம் நாட்டின் நிலைமை என்ன தெரியுமா? மழைமானியும் வெப்பமானியும்கூட வெளிநாட்டிலிருந்து வந்தன. விடுதலை அடைந்த தேசம், பருவமழையை நம்பிச் சாப்பிடுகிற தேசம், தன் மண்ணில் எவ்வளவு மழை பெய்தது என்று அளக்கும் சாதாரணக் கருவிக்கு வெளிநாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. இதை மாற்றுவதை அன்னா மணி தன் வேலையாக எடுத்துக்கொண்டார். கிட்டத்தட்ட 100 வகை வானிலைக் கருவிகளுக்கு வரைபடங்களைத் தரப்படுத்தி, புனே பட்டறையில் தயாரிக்க வைத்தார். அவர் தலைமையில் 121 ஆண்கள் வேலை செய்தார்கள். கடைசல் பிடிக்கிறவர், கண்ணாடி ஊதுகிறவர், பற்றவைக்கிறவர் என்று கைவேலைக்காரர்கள் நிறைந்த உலகம் அது. முப்பதுகளில் இருந்த ஒரு பெண், கதர்ப் புடவையில், அவர்கள் நடுவே நின்று இந்தக் கிண்ணத்தின் விளிம்பு சரியில்லை, திரும்பச் செய்யுங்கள் என்று சொல்லியிருக்கிறார்.

விளிம்பு சரியில்லாவிட்டால் என்ன? எங்கள் பள்ளி மழைமானியை வைத்தே சொல்கிறேன். மழைமானி என்பது ஒரு புனல், அதன் கீழ் ஒரு பாட்டில், அளக்க ஒரு கண்ணாடிக் குவளை. புனல் வாயின் பரப்பு 200 சதுர சென்டிமீட்டர் என்றால், 1 மில்லிமீட்டர் மழைக்கு 20 மில்லிலிட்டர் தண்ணீர் விழ வேண்டும். வாய் நசுங்கியிருந்தால் பரப்பு மாறும், கணக்கு தப்பும். வாய் சாய்ந்திருந்தால் வாடைக் காற்றில் சாய்வாக வரும் மழை ஒரு பக்கம் கூடுதலாகவும் மறு பக்கம் குறைவாகவும் விழும். வேப்பமரத்தடியில் வைத்தால் இலை மறைத்துக்கொள்ளும். பக்கத்தில் என்ன உயரமான பொருள் இருக்கிறதோ அதன் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரமாவது தள்ளி வைக்க வேண்டும். புனல் வாய் தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். தினமும் காலை 8.30 மணிக்குப் படிக்க வேண்டும். ஒன்பதுக்குப் படித்தால் பக்கத்து ஊரோடு ஒப்பிட முடியாது.

காற்று வேகமானி இன்னும் கறார். கம்பத்தின் மேல் சுழலும் கிண்ணங்கள், அவற்றின் அச்சு, சுற்றுகளை எண்ணும் அமைப்பு. அச்சில் உப்புத் துரு ஏறினால் சுழற்சி குறையும். கடற்கரையில் துரு ஏற ஒரு மழைக்காலம் போதும். தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில், சுற்றிலும் மறைப்பில்லாத இடத்தில் நிறுத்த வேண்டும். கட்டடம் இருந்தால் அதன் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தள்ளி நிற்க வேண்டும். நம் நாட்டில் புயலின் வேகம் என்று சொல்வது 3 நிமிடச் சராசரி. அறிவிப்பில் 'இடையிடையே' என்று வருவது அந்தச் சராசரிக்கு மேல் திடீரென்று எழும் வீச்சு. என் பெரியப்பா கேட்ட 'எங்க வெச்சு அளந்தான்' என்ற கேள்விக்குப் பின்னால் இத்தனை விஷயம் இருக்கிறது. மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால் அது புயல், பெயர் வைப்பார்கள். 61 வரை ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றுவது என்பதும் இந்த வகைப்பாட்டையும் புயல் போகும் பாதையையும் வைத்துத்தான். கருவி ஐந்து கிலோமீட்டர் குறைத்துக் காட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

காற்றையும் மழையையும் போலவே வெயிலையும் அவர் அளந்தார். 1957–58 சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டை ஒட்டி, சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை நாடு முழுக்க நிறுவினார். அதற்கான கருவிகளையும் இங்கேயே செய்ய வைத்தார். அப்படி ஆண்டுக்கணக்கில் சேர்ந்த அளவுகளைத் தொகுத்து 1980-ல் ஒரு கையேடும், 1981-ல் எஸ். ரங்கராஜனோடு சேர்ந்து இந்தியாவின் சூரியக் கதிர்வீச்சு பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். இன்று மொட்டை மாடியில் சோலார் பலகை வைக்கும்போது ஒரு நாளைக்கு இத்தனை யூனிட் வரும் என்று கணக்குச் சொல்கிறார்களே, நம் நாட்டில் அந்தக் கணக்குக்கு அடித்தளம் போட்டவர்களில் அவர் முக்கியமானவர். எங்கள் குப்பத்துப் பெண்கள் கருவாடு காயவைக்கும்போது, மார்கழி வெயிலுக்கு எத்தனை நாள், சித்திரை வெயிலுக்கு எத்தனை நாள் என்று சரியாகச் சொல்வார்கள். அந்த அறிவு கையில் இருக்கிறது. அது ஊருக்கு ஊர் ஒப்பிடக்கூடிய எண்ணாக, அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கக்கூடிய ஏடாக மாறுவதற்கு ஓர் அன்னா மணி தேவைப்பட்டார்.

அடுத்தது தும்பா. இது எங்கள் ஊருக்கு மிக நெருக்கமான விஷயம். 1963-ல் விக்ரம் சாராபாய் கேட்டுக்கொண்டதற்கு இணங்க, திருவனந்தபுரம் அருகே தும்பா ராக்கெட் ஏவுதளத்தில் வானிலை ஆய்வுக்கூடத்தையும் கருவிகள் பொருத்திய கோபுரத்தையும் அன்னா மணி அமைத்துக் கொடுத்தார். தும்பா ஒரு மீனவக் கிராமம். அந்த மக்கள் தங்கள் மகதலேனா மரியாள் தேவாலயத்தையே விட்டுக் கொடுத்தார்கள். அந்த ஆண்டு நவம்பர் 21-ல் முதல் ராக்கெட் அங்கிருந்து கிளம்பியது. எட்டு ஆண்டுகள் கழித்து, 1971 அக்டோபரில், எங்கள் ஏரியின் கிழக்கே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதல் ரோகிணி ராக்கெட் கிளம்பியது. அந்தத் தீவில் வாழ்ந்த மக்கள் இடம்பெயர்ந்தார்கள். இன்றும் ராக்கெட் ஏவும் நாளில் எங்கள் படகுகள் அந்தப் பக்கம் போகக் கூடாது. ராக்கெட்டுக்கு முன்னால் பலூன் விட்டு மேல்காற்றை அளந்துவிட்டுத்தான் ஏவுவார்கள். எங்கள் பிள்ளைகள் மொட்டை மாடியில் நின்று ராக்கெட்டைப் பார்த்துக் கைதட்டுகிறார்கள், நானும்தான் தட்டுகிறேன். ராக்கெட் கிளம்புமுன் அத்தனை நுட்பமாகக் காற்றை அளக்க முடிகிற இடத்துக்குப் பக்கத்திலேயே, முகத்துவாரத்தில் இப்போது காற்று எவ்வளவு என்று படகுக்காரர் பார்த்துத் தெரிந்துகொள்ள ஒரு பலகை இல்லை. இது சரியாக வேண்டும்.

ஓசோன் பற்றி ஒரு வார்த்தை. 1960 முதல் அவர் வளிமண்டல ஓசோனை அளக்கத் தொடங்கினார். பலூனில் கட்டி மேலே அனுப்பும் ஓசோன் கருவியை இந்தியாவிலேயே உருவாக்கினார்கள். அண்டார்டிகா மேலே ஓசோன் ஓட்டை இருக்கிறது என்று உலகம் 1985-ல் பதறியதற்கு வெகு முன்பே இந்த வேலை இங்கே நடந்துகொண்டிருந்தது.

1969-ல் டெல்லிக்குத் துணைத் தலைமை இயக்குநராகப் போனார். 1975-ல் உலக வானிலை அமைப்பின் ஆலோசகராக எகிப்து சென்றார். 1976-ல் ஓய்வு. ஆனால் வேலையிலிருந்து ஓய்வு பெறவில்லை. ராமன் ஆராய்ச்சிக் கழகத்தில் மூன்று ஆண்டுகள் வருகைப் பேராசிரியர். பிறகு பெங்களூரில் காற்று வேகத்தையும் சூரிய ஆற்றலையும் அளக்கும் கருவிகளைச் செய்ய ஒரு சிறு பட்டறை. 1983-ல் டி. ஏ. மூலேயோடு சேர்ந்து இந்தியாவின் காற்று ஆற்றல் தரவுகளை நூலாகக் கொண்டுவந்தார். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் போகும்போது வரிசையாகச் சுழலும் காற்றாலைகளைப் பார்த்திருப்பீர்கள். ஒரு காற்றாலையை எங்கே நட்டால் பயன் என்று தீர்மானிக்கப் பல மாதக் காற்றளவு வேண்டும். அந்த வழியை இங்கே போட்டுக் கொடுத்தவர்களில் முன்வரிசையில் இருப்பவர் அவர். 1987-ல் இந்திய தேசிய அறிவியல் கழகத்தின் கே. ஆர். ராமநாதன் பதக்கம் கிடைத்தது. 1994-ல் பக்கவாதம் வந்து முடங்கினார். 2001 ஆகஸ்ட் 16-ல், 83-ஆவது பிறந்தநாளுக்கு ஒரு வாரம் முன்பு, திருவனந்தபுரத்தில் காலமானார்.

அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. மலையேறுவார், பறவை பார்ப்பார். குளிர்காலத்தில் பூநாரைக் கூட்டம் இறங்கும் எங்கள் ஏரியை அவர் ரசித்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு விஷயத்தில் எனக்கும் அவருக்கும் ஒத்துப்போகாது. தன்னைப் 'பெண் விஞ்ஞானி' என்று தனியாகப் பார்ப்பதை அவர் விரும்பவில்லை. அபா சூர் என்ற அறிவியல் வரலாற்றாளர் நேரில் கண்டு பேசியபோதும், பெண்ணாக இருந்தது தன் வேலைக்குத் தடையாக இருந்ததில்லை என்ற தொனியில்தான் சொன்னார். பெண் கருவியைத் தொட்டால் கெடுத்துவிடுவாள் என்று சிறு தவறையும் பெரிதாக்கிப் பேசியவர்கள், விவாதத்தில் சேர்த்துக்கொள்ளாதவர்கள், பட்டம் தர மறுத்தவர்கள் என எல்லாரையும் ஒதுக்கிவிட்டு வேலையைப் பார்த்தவர் அவர். அந்த மன உறுதிக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் என் வகுப்பில் பத்தாவது முடித்ததும் நின்றுபோகும் பெண்களைப் பார்க்கிறேன். அம்மா விடிகாலையில் மீன் எடுக்க இறங்குதளத்துக்குப் போய்விட்டால் தம்பியைப் பார்த்துக்கொள்வது மகள்தான். அறிவியலில் நூற்றுக்குத் தொண்ணூறு எடுத்த பெண்ணுக்கு, கல்லூரிக்குப் பொன்னேரி வரை பஸ்ஸில் அனுப்ப வீட்டில் பயம். இவர்களிடம் தடையே இல்லை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. பீர்மேட்டில் பிறந்த ஒரு பெண்ணுக்கும் தடை இருந்தது, அவர் தாண்டினார், நீயும் தாண்டு, நான் கூட இருக்கிறேன் என்றுதான் சொல்கிறேன்.

பெரியப்பாவிடம் இந்தக் கதையை முழுக்கச் சொன்னேன். "மலைல பொறந்த பொண்ணா காத்தை அளந்துச்சு?" என்று ஆச்சரியப்பட்டார். பிறகு, "அந்தம்மா இருந்தா நம்ம வாய்லயும் ஒரு கம்பம் நட்டிருக்கும்மா" என்றார். நானும் அப்படித்தான் நம்புகிறேன்.

இது நடக்காத கனவு ஒன்றும் இல்லை. புதுச்சேரி பக்கம் வீராம்பட்டினத்தில், எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் கிராம அறிவு மையத்தில், அலை உயரத்தை இணையத்தில் எடுத்துத் தினமும் ஒலிபெருக்கியில் மீனவர்களுக்குச் சொன்னார்கள். 2004 சுனாமி அன்று அந்த ஒலிபெருக்கிதான் ஜனங்களை எச்சரிக்கப் பயன்பட்டது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் கடல்நிலை முன்னறிவிப்பைத் தமிழிலும் தருகிறது. வானிலைத் துறை முன்பைவிட எவ்வளவோ துல்லியமாகச் சொல்கிறது. புயலில் இப்போது உயிர்ச்சேதம் குறைந்திருப்பது இவர்களால்தான். மனமார நன்றி சொல்கிறேன். ஆனால் எச்சரிக்கை நீண்ட கடற்கரை முழுவதற்கும் ஒன்றாக வரும்போது, தெற்கே அடிக்கிற காற்றுக்கு வடக்கே உள்ளவனும் வீட்டில் உட்கார வேண்டியிருக்கிறது. இரண்டு முறை அப்படி வீணாக உட்கார்ந்தவன் மூன்றாவது முறை எச்சரிக்கையை நம்பாமல் போகிறான். ஆபத்து அந்த மூன்றாவது முறையில் இருக்கிறது. உள்ளூரில் எடுத்த அளவு கண்முன்னே இருந்தால் அந்த நம்பிக்கை நிற்கும். தவறான அளவைப் பற்றி அன்னா மணி அத்தனை கண்டிப்பாக இருந்ததன் பொருள் எனக்கு எங்கள் கரையில்தான் விளங்கியது.

ஆகவே இதைப் படிப்பவர்களுக்கு என் வேண்டுகோள். கடலோரப் பள்ளியில் ஆசிரியராக இருந்தால் ஒரு மழைமானி வாங்கி, சரியான இடத்தில் வைத்து, காலை 8.30-க்குப் பிள்ளைகளையே படிக்க வைத்துப் பதிவேட்டில் எழுத வையுங்கள். எங்கள் பள்ளியில் பெண் பிள்ளைகள்தான் அந்த நோட்டை வைத்திருக்கிறார்கள். வானிலைத் துறையிலோ மீன்வளத்துறையிலோ இருந்தால், பழவேற்காடு மீன் இறங்குதளத்தில் ஒரு காற்று வேகமானியும், அது காட்டும் எண்ணைப் படகிலிருந்தே படிக்கும்படி ஒரு பலகையும் வைக்க வழி செய்யுங்கள். 10 மீட்டர் கம்பம், உப்புக் காற்றைத் தாங்கும் கருவி, ஆண்டுக்கு ஒருமுறை சரிபார்க்க ஓர் ஆள், இவ்வளவுதான் கேட்கிறோம். எங்கே வைத்து அளந்தார்கள் என்று யாராவது கேட்டால் இதோ இங்கே என்று கைகாட்ட முடிய வேண்டும். இதில் உதவக்கூடியவர்கள் யாராக இருந்தாலும் எங்கள் ஊருக்கு வாருங்கள், பேசுவோம்.